இரண்டு முழம்

ஆறாம் வகுப்பில் படித்தபோது, கழுத்தில் விசில் தொங்கும் அம்மா எங்கள் வகுப்பில் எனக்கு மட்டும்தான் இருக்கிறார் என்று பாதி வருடம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் மிளகாய்த் தோட்டம் செய்தார்கள், கொடிகாமச் சந்தையில் தேங்காய் விற்றார்கள், வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தார்கள். என் அம்மா லீடர். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றுகிற வேலையில் பன்னிரண்டு பெண்கள் கொண்ட ஒரு குழுவுக்குத் தலைவி. விடிகிற நேரத்தில் சந்திக்கு வரும் வாகனத்தில் முன்சீட் அம்மாவுக்குத்தான். அந்த முன்சீட்டைப் பற்றியும் வகுப்பில் சொல்லியிருந்தேன்.

அது என்ன வேலை, அதில் என்ன நடக்கலாம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரர் தன் பொய்க்காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் ரியூப் ஒட்டுவார். ஆனால் அம்மா லீடர் அல்லவா, லீடருக்கு அப்படியெல்லாம் நடக்காது என்று நானாகவே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். அந்த விசிலை அம்மா வேலை முடிந்து வந்ததும் கலண்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவார். அம்மா குளிக்கிற நேரம் பார்த்து நான் அதை வாயில் வைத்து, சத்தம் வராமல் மெதுவாக ஊதிப் பார்ப்பேன். பன்னிரண்டு பேரை அதட்டி வேலை வாங்குவதற்காகக் கொடுக்கப்பட்ட சாமான் அது என்பது என் முடிவு.

எனக்கும் ஒரு பதவி இருந்தது. வகுப்புத் தலைவி. வெள்ளைச் சட்டையில் ஊசியால் குத்துகிற சின்ன நீல பட்ஜ். ரீச்சர் இல்லாத நேரத்தில் கதைக்கிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, கொப்பிகளைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பது, யார் எந்த நாள் வகுப்பைக் கூட்டுவது என்று சொல்வது எல்லாம் என் அதிகாரம். நான் கதைத்தால் என் பெயரை யார் எழுதுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

என் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் தர்சிகா. அவளுக்கு அப்பா இல்லை. அவளுடைய அம்மா மூன்று மாதத்துக்கு முன்புதான் அந்த வேலையில் சேர்ந்திருந்தார், அதுவும் என் அம்மாவின் குழுவில். இது தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் தெரியவில்லை. "உன்ரை அம்மா என்ரை அம்மாவுக்குக் கீழைதானே" என்று சொல்லி அவளிடம் என் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து நிரப்பிவரச் சொல்வேன். அவள் நிரப்பிக்கொண்டு வருவாள். ஓடிப்போய் ஓடிவருவாள். எங்கள் வகுப்பில் அவளைப்போல ஓட ஒருத்தியும் இல்லை.

ஆடியில், இரண்டாம் தவணை முடிந்த வெள்ளிக்கிழமை, அம்மா வழக்கத்தை விட நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். விசிலை ஆணியில் மாட்டவில்லை. கழுத்திலேயே கிடந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவும் அன்று வீட்டில் நின்றார். அம்மா தனக்கும் சோறு போட்டுக்கொண்டு வந்து இருந்து, பிசைந்து, ஒரு வாயும் வைக்காமல் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு ஒடுங்கிய பாதை பிரித்துக் கொடுத்திருப்பார்கள். முழங்கால் ஊன்றி இருந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரிச் சோதித்துக்கொண்டு முன்னேற வேண்டும். அன்றைய வேலை முடிகிற இடத்தில் ஒரு சிவப்புத் தடி நடுவார்கள். தடிக்கு இந்தப் பக்கம் படுத்துத் தூங்கலாம். அந்தப் பக்கம் விரல்கூட வைக்கக் கூடாது. தடி விழுந்து கிடந்தால் அதைக் குத்துமதிப்பாக ஊன்றக் கூடாது. நிச்சயமாகத் தெரிந்த இடத்திலிருந்து நாடா பிடித்து அளந்து வந்து நட வேண்டும். இது முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறவரே அம்மாதான்.

அன்று வெளிநாட்டிலிருந்து சிலர் வேலையைப் பார்க்க வருவதாக இருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் கட்டாக்காலி மாடுகள் புகுந்து நாலைந்து தடிகளைத் தட்டி விழுத்தியிருக்கின்றன.

"மற்றதுகளை அளந்துதான் நட்டனான்" என்றார் அம்மா. "கடைசித் தடியைக் கண்மட்டத்திலை நட்டுட்டன். அவையின்ரை வாகனம் வாற சத்தம் கேட்டுட்டுது. தடி சரிஞ்சு கிடந்தா வடிவில்லை எண்டு நினைச்சன்."

அந்தக் கடைசிப் பாதை தர்சிகாவின் அம்மாவுடையது. அவர் கவசத்தையும் முகக்கண்ணாடியையும் போட்டுக்கொண்டு வந்து, தடியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றிருக்கிறார். "அக்கா, நான் நேத்து விட்ட இடம் உது இல்லை. ஒரு பனங்கொட்டைக்குப் பக்கத்திலை நிப்பாட்டினனான். பனங்கொட்டை இஞ்சாலை எல்லோ கிடக்குது" என்று சொல்லியிருக்கிறார்.

"அதுக்கு நீர் என்ன சொன்னனீர்?" என்று அப்பா கேட்டார்.

"எனக்குத் தெரியும், நீ இருந்து செய் எண்டு சொன்னன். நான் நாலு வருஷம், நீ வந்து மூண்டு மாசம் எண்டும் சொன்னன்."

தர்சிகாவின் அம்மா முழங்கால் ஊன்றவில்லை. எதிர்த்துக் கதைக்கவும் இல்லை. தன் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதிவிட்டார். விசில் கேட்டால் அந்த வெளியில் இருக்கிற அத்தனை பேரும் கையில் இருப்பதை வைத்துவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவராக வந்த பாதையால் பின்வாங்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் உட்பட எல்லோரும் பின்வாங்கினார்கள். மேற்பார்வை சேர் வந்து அளந்து பார்த்தார். தடி இரண்டு முழம் முன்னால், சோதிக்காத மண்ணில் நின்றது.

"அந்த ரெண்டு முழத்தையும் பேந்து வடிவாச் சோதிச்சவை. அதுக்குள்ளை ஒண்டு இருந்தது" என்று சொல்லிவிட்டு, அம்மா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். நானும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தேன், ஆனால் நான் நிறுத்தியதற்குக் காரணம் வேறு. அம்மாவுக்கு எதிராக ஒருத்தி விசில் ஊதியிருக்கிறாள் என்பதில் என் மனம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சொன்னவை எனக்குப் பாதிதான் கேட்டன.

மேற்பார்வை சேர் என்ன நடந்தது என்று கேட்டபோது, அம்மா எல்லோருக்கும் முன்னால் எழும்பி நின்று, "இவ சொன்னது சரி. நான் அளக்காமல் நட்டனான். அவ சொன்னாப் பிறகும் நான் கேக்கேல்லை. ரெண்டும் என்ரை பிழை" என்று சொல்லியிருக்கிறார்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "மாடு தட்டின தடிக்கு நீர் ஏன் தலையைக் குடுத்தனீர்? மாட்டைச் சொல்லியிருக்கலாமே."

"மாடு தட்டினது. நட்டது நான்தானே" என்றார் அம்மா.

திங்கட்கிழமையிலிருந்து அம்மா லீடர் இல்லை என்று அன்றே சொல்லிவிட்டார்கள். அதே குழுவில், மற்றவர்களைப்போல முழங்கால் ஊன்றி மண் வாருகிற ஒருவர். வாகனத்தில் பின்சீட். அந்த வெள்ளிக்கிழமை இரவு படுக்கப் போகும்போது எனக்கு இருந்த ஒரே கவலையை அம்மாவிடம் கேட்டேன்.

"அப்ப விசிலைத் திருப்பிக் குடுக்க வேணுமோ?"

"விசில் எல்லாற்றை கழுத்திலையும்தான் இருக்கு" என்றார் அம்மா. "ஆர் ஊதினாலும் எல்லாரும் நிக்க வேணும். நானும்தான்."

பதவி போனது ஒரு பக்கம். இது எனக்கு அதைவிடப் பெரிய அடியாக இருந்தது. பன்னிரண்டு பேருக்கும் விசில் இருக்கிறது என்றால் பாதி வருடமாக நான் பள்ளிக்கூடத்தில் அடித்த பெருமை என்னாவது? தர்சிகாவுக்கு இது முதலே தெரிந்திருக்கும். அவளுடைய அம்மாவின் கழுத்திலும்தானே ஒன்று தொங்கியிருக்கிறது. ஒரு நாளும் அவள் அதைச் சொல்லி என் வாயை அடைக்கவில்லை. அது அவளுடைய நல்ல குணம் என்று எனக்குப் படவில்லை. உள்ளுக்குள் சிரித்திருப்பாள் என்றுதான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு பையில் முருங்கைக்காயும் பத்து முட்டையும் எடுத்துக்கொண்டு தர்சிகா வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தோற்றவர் போய் வென்றவருக்குப் பரிசு கொடுக்கிற கதையை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. படலையடியில் அம்மாவைக் கண்டதும் தர்சிகாவின் அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

"அக்கா, ஊதேக்கை எனக்குக் கை நடுங்கினது. என்னாலைதானே உங்களை இறக்கினவை."

"நடுங்கினாலும் ஊதினனி எல்லோ" என்றார் அம்மா. "அடுத்தமுறை நான் பிழை விட்டாலும் ஊது. யோசிச்சுக்கொண்டு நிக்காதை."

தர்சிகா உள்ளே போய் எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டாள். நான் இருக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழி முழுவதும் அம்மாவோடு கதைக்கவும் இல்லை. அம்மாவுக்கு ரோசமே இல்லை என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

தவணை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாளே பின்வாங்குப் பெடியன் ஒருவன் கேட்டான். "உன்ரை அம்மாவை இறக்கிப்போட்டினமாம். மெய்யோ?" நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் பொய் என்று சொன்னேன். பிறகு தர்சிகாவைப் பார்த்தேன். அவள் குனிந்து கொப்பிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். இவள்தான் சொல்லியிருக்கிறாள், வேறு யார் சொல்லப்போகிறார்கள் என்று எனக்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டேன். விசாரணை எதுவும் நடக்கவில்லை.

அந்த மாதம், பிள்ளைகளை நிற இல்லங்களாகப் பிரித்து நடத்துகிற இல்ல மெய்வல்லுநர் போட்டி. ஆறாம் வகுப்புப் பெண்களின் அஞ்சலோட்டத்துக்குச் எங்கள் சிவப்பு இல்லத்தில் நாலு பேரைத் தெரிவு செய்தார்கள். கடைசியாக ஓடுகிறவள் தர்சிகா. நான் ஐந்தாவது, யாராவது வராவிட்டால் ஓடுகிற ஆள். ஓடுகிற ஒவ்வொரு பிள்ளையும் பெற்றோரின் கையெழுத்தோடு ஒரு சம்மதக் கடிதம் கொண்டுவர வேண்டும் என்று விளையாட்டு ரீச்சர் சொன்னார். அதற்கு முந்தின வருடம் ஒரு பிள்ளை வெயிலில் மயங்கி விழுந்ததால் வந்த புது ஒழுங்கு அது. கடிதங்களைச் சேர்த்துக் கொடுக்கிற பொறுப்பு வகுப்புத் தலைவிக்கு.

தர்சிகா அடுத்த நாளே கொண்டுவந்து தந்தாள். ரீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்ட வசனத்தை அப்படியே பார்த்து எழுதியிருந்தாள். எனது மகள் அஞ்சலோட்டத்தில் ஓடுவதற்கு எனது பூரண சம்மதத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். கீழே அவளுடைய அம்மாவின் கையெழுத்து. பெரிய வட்ட எழுத்துகள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக யோசித்து எழுதியதுபோல இருந்தன. நான் மற்றக் கடிதங்களை ஒரு கட்டாக வைத்தேன். இதை இரண்டாக மடித்து என் கொம்பாஸ் பெட்டிக்குள், பாகைமானிக்குக் கீழே வைத்தேன்.

உண்மையைச் சொன்னால், அப்போதுகூட அதைக் கொடுக்காமல் விடுவதென்று நான் முடிவெடுத்திருக்கவில்லை. கொஞ்சம் பதற விட்டுக் கடைசியில் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து ரீச்சர் வகுப்புக்கு வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"தர்சிகாவின்ரை கடிதம் எங்கை?"

எனக்கு வாய் தானாகத் திறந்தது. "தரேல்லை ரீச்சர்."

"குடுத்தனான் ரீச்சர்" என்று தர்சிகா எழும்பினாள். "செவ்வாய்க்கிழமை குடுத்தனான்."

"குடுத்திருந்தா இதுக்குள்ளை இருக்க வேணுமே. மறந்தா மறந்தன் எண்டு சொல்லும். ஏன் பொய் சொல்லுறீர்?"

தர்சிகா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருடத்தில் நான் அதை மறந்திருப்பேன். நான் எங்கேயோ வைத்து மறந்துவிட்டேன், இப்போது ஞாபகம் வந்துவிடும், வந்ததும் சொல்லிவிடுவேன் என்று நம்புகிற மாதிரிப் பார்த்தாள். நான் கொம்பாஸ் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நாளைக்கு வேறு கடிதம் கொண்டுவருகிறேன் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். பெயர்ப்பட்டியல் அன்றே அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லி, ரீச்சர் அவள் பெயரை வெட்டிவிட்டு என் பெயரை எழுதினார்.

போட்டி நாளன்று எங்கள் பள்ளிக்கூட வளவில் பெற்றோருக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். அம்மா அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் கேற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா தனியாக வரவில்லை. கேற்றால் முதலில் வந்தது தர்சிகாவின் அம்மா. மகள் ஓடவில்லை என்று தெரிந்தும், இல்லத்தை உற்சாகப்படுத்த வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால், அவருக்கும் சேர்த்துக் குடை பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் தேத்தண்ணீர்ப் பிளாஸ்கோடு என் அம்மா. மைதானத்தின் ஓரமாக, புழுதிக்குள்ளால், அந்த நீள வழி முழுவதும் அப்படித்தான் நடந்து வந்தார்கள். அவர் முன்னால், அம்மா பின்னால். யாராவது பார்க்கிறார்களா என்று நான் சுற்றிப் பார்த்தேன். எனக்கு முகம் எரிந்தது.

கொட்டகையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அம்மா பிளாஸ்கின் மூடியில் தேத்தண்ணீர் ஊற்றி முதலில் அவருக்குக் கொடுத்தார். நான் தண்ணீர் குடிக்கிற சாட்டில் கிட்டப் போனேன். முன்வரிசையில் இருந்த ஒரு மாமி அம்மாவிடம், "இப்ப லீடர் இல்லையாமே நீங்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம், இறக்கிப்போட்டினம்" என்று அம்மா சிரித்தார். "தடியைப் பிழையா நட்டனான். இவதான் விசில் ஊதி எல்லாரையும் காப்பாத்தினவ. நான் சந்தையிலை, கோயில்லை, எங்கை கேட்டாலும் சொல்லுறனான். அங்கை புதுசா வாற பிள்ளையளுக்கும் சொல்லுறனான். நாலு வருஷம் வேலை செய்தனான் எண்ட தலைக்கனத்திலைதான் பிழை விட்டனான் எண்டு."

நான் தண்ணீர்க் கோப்பையோடு அப்படியே நின்றேன். ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தது தர்சிகா இல்லை. என் அம்மா. யாரும் பறித்தெடுக்காத கதையைத் தானே கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அஞ்சலோட்டத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. கொம்பாஸ் பெட்டி என் பையில் இருந்தது. பை வகுப்பறையில் இருந்தது. விளையாட்டு ரீச்சர் என்னிலிருந்து இருபது அடி தூரத்தில், வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய்க் கடிதத்தை எடுத்து, "ரீச்சர், என்ரை பிழை" என்று நீட்டியிருந்தால் இரண்டு நிமிடம் பிடித்திருக்கும். நான் வகுப்பறை வரைக்கும் போனேன். பையைத் திறந்தேன். கடிதத்தைக் கையில் எடுத்தேன். தொலைந்தது இப்போது கிடைத்தது என்று சொல்லலாமா, புத்தகத்துக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது என்று சொல்லலாமா என்று ஒவ்வொரு பொய்யாகப் பொருத்திப் பார்த்தேன். எந்தப் பொய்யிலும் கடைசியில் என் பெயர் வந்தது. பழியைப் போட மாடு ஒன்றும் எனக்கு அகப்படவில்லை. கடிதத்தை நாலாகக் கிழித்து, வகுப்பறைக்குப் பின்னால் குப்பை எரிக்கிற கிடங்குக்குள் போட்டேன்.

அஞ்சலோட்டக் கோல் என் கைக்கு வந்தபோது சிவப்பு இல்லம் முதலாவதாக இருந்தது. நான் ஓடி முடித்தபோது கடைசி. தர்சிகா கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். ஓடு, ஓடு என்று. என்னை உற்சாகப்படுத்தத்தான்.

அதற்குப் பிறகு அவள் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. ரீச்சர் கேட்டபோது, "எனக்கு விருப்பமில்லை ரீச்சர்" என்று சொன்னாள். வருட முடிவில் அவளும் அவளுடைய அம்மாவும் வவுனியாவுக்கு, அம்மம்மா வீட்டுப் பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் போவதற்கு முன்பே அம்மாவை மறுபடி லீடர் ஆக்கியிருந்தார்கள். குழுவில் இருந்த பன்னிரண்டு பேரிடமும் யாரோடு வேலை செய்ய விருப்பம் என்று மேற்பார்வை சேர் தனித்தனியாகக் கேட்டாராம், எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்களாம். பாவம் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். முன்சீட் திரும்பக் கிடைத்ததில் எனக்கு நல்ல சந்தோஷம்.

இப்போது நான் கொக்குவிலில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எனக்குக் கீழே ஏழு பேர். போன மாதம் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து எங்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி நடத்தினார். தலைவருக்கு முதலில் வேண்டியது பணிவு என்று திரையில் பெரிதாகப் போட்டார். பிறகு ஆளுக்கொரு மஞ்சள் துண்டைத் தந்து, நீங்கள் மறைத்த பிழை ஒன்றை எழுதுங்கள் என்றார். ஒருவர் தான் அளவுக்கு மீறி உழைப்பதாக எழுதினார். நான், சில நேரம் கூட்டங்களுக்குப் பிந்தி வருவேன் என்று எழுதினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெடியன், "அக்கா, உது பிழை எண்டு நினைக்கிறன்" என்று சொன்னான். "எனக்குத் தெரியும், நீர் செய்யும்" என்று சொன்னேன். அவன் செய்தான். பிழை வெளியே போய், வாடிக்கையாளர் கூப்பிட்டுக் கத்தினார். கூட்டத்தில் நான் எழும்பி, இது எங்கள் எல்லோருடைய பிழையும் என்று சொன்னேன். "எங்கள்" என்ற சொல்லுக்குள் ஏழு பேரையும் இழுத்து வைத்துக்கொண்டு, நான் நடுவில் பத்திரமாக நின்றேன். அந்தப் பெடியன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி அவன் எனக்கு எதுவும் சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

பயிற்சி நடந்த வாரமே, சனிக்கிழமை ஊருக்குப் போய், குசினியில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, கடிதத்தின் கதையை முதன்முதலாகச் சொன்னேன். அம்மாவுக்கு இப்போது முழங்கால் இரண்டும் வலி. கதிரையில்தான் இருப்பார். நான் சொல்லி முடிக்கும்வரை முறிப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"அவளுக்குச் சொன்னனியோ?"

"இல்லை."

"அதை எனக்குச் சொல்லி என்ன, பிள்ளை?" என்றார் அம்மா. பிறகு அடுத்த பயற்றங்காயை எடுத்து முறித்தார்.

தர்சிகாவின் தொலைபேசி இலக்கம் அம்மாவிடம் இருக்கிறது. இரண்டு அம்மாமாரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றைக்கும் கதைக்கிறார்கள். இலக்கத்தை வாங்கி வைத்திருக்கிறேன். மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அழித்துவிட்டேன். ஒருமுறை நலமா என்று மட்டும் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. நல்ல சுகம், நீங்கள் எல்லாரும் எப்படி, அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லையா என்று கேட்டிருந்தாள். நான் பரவாயில்லை என்று எழுதினேன். அதற்கு மேல் விரல் போகவில்லை.

அந்தப் போட்டி நாளை நினைத்தால் ஓட்டம் எனக்கு அவ்வளவாக ஞாபகம் வருவதில்லை. அதற்கு முந்தின மணித்தியாலம்தான் வருகிறது. கேற்றிலிருந்து கொட்டகை வரைக்கும் அந்த நீள வழி. ஒரு குடை, ஒரு பிளாஸ்க், இரண்டு பெண்கள். பதினொரு வயதில் நான் அங்கே நின்று பார்த்ததெல்லாம் யார் முன்னால் வருகிறார், யார் பின்னால் வருகிறார் என்பதைத்தான். அந்த இரண்டு முழத்தில் இருந்தது என் அம்மாவின் பதவி என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தேன். தர்சிகாவின் அம்மா தன் இரண்டு காலாலும் நடந்து வந்துகொண்டிருந்தார் என்பதை நான் கவனிக்கவே இல்லை.